வெட்சி முதல் காஞ்சி வரை: கணினிப் பகைவனோடு பொருதல்

பள்ளிப் பாடம் முடிந்ததும் நம் பிள்ளைகள் பலர் கணினியின் முன் அமர்ந்து பேரரசு ஆளத் தொடங்குகின்றனர். நகரம் அமைக்கின்றனர், படை திரட்டுகின்றனர், அயல்நாட்டு மன்னர்மேல் போர் தொடுக்கின்றனர். அம்மன்னர்கள் மனிதர் அல்லர். கணினியே அவர்களாக நின்று ஆடுகின்றது. இது வீண்பொழுது என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் உளர். போரால் ஊரிழந்து வந்த நாம், பிள்ளைகள் போரை விளையாட்டாகக் கொள்வதைக் கண்டு மனம் வருந்துவதும் இயல்பே. ஆயினும், கடிந்துகொள்ளுமுன் அவ்விளையாட்டின் இயல்பை அறிந்துகொள்வது நன்று.

ரொறன்ரோ கண்ட பழைய பகைவன்

மனிதனுக்கு எதிராக ஆடும் கணினி இந்நகருக்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நடைபெற்ற கனடியத் தேசியக் கண்காட்சியில் 'பேர்ட்டி' என்னும் பொறி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரமுடைய அப்பொறி, ஒன்பது கட்டங்களில் புள்ளடியும் வட்டமும் இடும் எளிய விளையாட்டை வந்தவர்களோடு ஆடியது. ஆட்டத்தின் கடுமையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். உலகின் மிகப் பழைய கணினி விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

அதனை அமைத்தவர் ஜோசப் கேற்ஸ். 1921இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாசிகளின் கொடுமைக்குத் தப்பி இங்கிலாந்து சென்ற அவர், அங்கே 'பகைநாட்டவர்' எனத் தடுத்துவைக்கப்பட்டுக் கனடாவின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். விடுதலை பெற்றபின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பொறியியலாளராய் உயர்ந்தார். இந்நகரின் வீதிச் சமிக்ஞை விளக்குகளைக் கணினியால் இயக்கும் ஏற்பாட்டிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2018இல் மறைந்தார்.

பகைவனின் உள்ளம்

1991இல் சிட் மையர் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டு இன்றுவரை பல பதிப்புகளாக வளர்ந்துள்ளது. 2016இல் வெளிவந்த ஆறாம் பதிப்பை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் தோன்றும் மன்னர்கள் முகஞ் சிவந்து சினப்பர், நகைப்பர், இகழ்வர். ஆனால் அம்முகத்தின் பின்னே இருப்பது கணக்கு மட்டுமே. உன் படைபலம் எவ்வளவு, உன் நகரம் எவ்வளவு அண்மையில் உள்ளது, நீ அவன் விருப்பத்துக்கு மாறாய் நடந்தாயா என்பவற்றுக்கெல்லாம் கூட்டியும் கழித்தும் எண் இடப்படுகின்றது. அவ்வெண்களே நட்பையும் பகையையும் தீர்மானிக்கின்றன.

ஆட்டத்தின் கடுமையைக் கூட்டினால் பகைவன் அறிவாளி ஆகிவிடுவதில்லை. அவனுக்குக் கூடுதல் குடியேறிகளும் படைவீரரும் பொருளும் வழங்கப்படுகின்றன, அவ்வளவே. செல்வம் மிகுந்த, ஆனால் அதே பழைய பிழைகளைச் செய்யும் மன்னனாகவே அவன் இருப்பான்.

வெட்சி: பகையைத் தூண்டுதல்

தொல்காப்பியப் புறத்திணையியல் போரை ஒழுங்குபட வகுத்துக் கூறுகின்றது. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து போருக்கு வழிகோலுவது வெட்சி. கணினிப் போரிலும் வெட்சி உண்டு. ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு தனிக்கொள்கை அமைந்துள்ளது. சீனத்துச் சின் ஷி ஹுவாங், தன்னோடு போட்டியிட்டு உலக அதிசயங்களைக் கட்டுவோரை வெறுப்பார். நோர்வேயின் ஹரால்ட் ஹார்ட்ராடா, கடற்படை வலுவில்லாதோரை இகழ்வார். எனவே யாரை எதனால் சினமூட்டலாம் என்பதை முன்கூட்டியே அறியலாம். எல்லையருகே நகர் அமைப்பதும் படை நிறுத்துவதும் எவரையும் உறுத்தும்.

நாமே திடீரெனப் போர் தொடுத்தால் ஆகாதோ எனில், அதற்கு விலை உண்டு. 2019இல் வெளிவந்த விரிவாக்கத்தில் 'மனக்குறை'க் கணக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. அறிவிப்பின்றிப் போர் தொடுப்பவன்மேல் அக்கணக்கு மிகுதியாய் ஏறும். ஏனைய மன்னர்களும் அவனை வெறுப்பர். பகைவனே முதலில் போர் தொடுத்தால் கணக்கு அவன் பக்கம் ஏறும். பின்னர் நாம் அவன் நகரைக் கைப்பற்றினும் நம்மேல் வரும் பழி குறைவே. இதனாலேயே தேர்ந்த ஆட்டக்காரர் தாக்குவதைவிடத் தாக்கத் தூண்டுவதையே விரும்புவர்.

அதற்குரிய வழி, வலியை மறைத்தல். கணினி முதன்மையாகக் கணக்கிடுவது படைப்பிரிவுகளை. எனவே படையைச் சிறிதாக வைத்து, மதிலை உயர்த்தி, கருவூலத்திற் பொன்னைச் சேர்த்துக் காத்திருத்தல் வேண்டும். போர் மூண்ட அன்றே பொன் கொடுத்துப் படை வாங்கலாம்.

நொச்சியும் உழிஞையும்

மதில் காத்தல் நொச்சி. மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியில் நகரம் இருந்தால் பகைவனின் பெரும்படை ஒருங்கே வர இயலாது. ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படையே நிற்கலாம் என்பது விதி. கணினி இவ்விதியில் தடுமாறும். ஒன்றன்பின் ஒன்றாய்ப் படைகளை அனுப்பி இழக்கும். மதிலின் பின் நிற்கும் வில்லாளரும் நகரின் எறிபடையும் அவற்றை மெலியச் செய்யும்.

அவன் படை தேய்ந்தபின் மேற்செல்வது வஞ்சி. அரண் முற்றுவது உழிஞை. வாள்வீரரை மட்டும் மதிலின்மேல் ஏவுவது பேதைமை. மதிலை உடைக்கும் பொறிகள் முன்னே செல்லவேண்டும். நகரை எல்லாப் பக்கமும் வளைத்தால் அது தன் சேதத்தை ஆற்றிக்கொள்ள இயலாது விரைவில் வீழும். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்வெற்றியின் இரகசியம் அம்மூன்று தலைப்புகளிலும் அடங்கிவிடுகின்றது. வெற்றி பெற்றோர் சூடும் பூ வாகை.

காஞ்சி: கணினி அறியாத திணை

தொல்காப்பியர் வாகையோடு நிறுத்தவில்லை. அதனை அடுத்துக் காஞ்சியை வைத்தார். உலகின் நிலையாமையைக் கூறும் திணை அது. வென்றவனும் தோற்றவனும் ஒருங்கே எண்ணவேண்டிய உண்மை அங்கே உள்ளது.

கணினி விளையாட்டில் நீடித்த போரால் மக்கள் சோர்வுறுவர் என்னும் விதி உண்டு. ஆயினும் அச்சோர்வும் ஓர் எண்ணே. வீழ்ந்த நகரின் மக்கள்தொகை குறையும். குறைந்தவர் எங்கே சென்றனர் என்று எவரும் வினவார். தோல்வி நேர்ந்தால் சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பி மீண்டும் தொடங்கலாம். மெய்யான போரில் அவ்வாறு திரும்ப இயலாது. 1983க்குப் பின் இந்நகரை நாடி வந்த நம்மவர் வீடுகளில் அதற்குச் சான்று கூறும் பாட்டன் பாட்டியர் இன்னும் உளர். பேர்ட்டியை அமைத்த கேற்ஸும் அத்தகைய ஏதிலியரே.

மாணவச் செல்வங்களே! கணினிப் பகைவனைத் தூண்டுங்கள், பொறுத்திருந்து வெல்லுங்கள். எண்ணித் துணியும் பழக்கமும் இடம் பொருள் ஏவல் அறியும் கூர்மையும் உங்களுக்கு வாய்க்கட்டும். ஆனால் கணக்கிட்டுத் தூண்டப்படும் போர் விளையாட்டுக்குள் மட்டும் நிகழ்வதன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மதிலின் அப்பக்கம் மெய்யான மாந்தர் இருக்குமிடத்து, சினமூட்டும் சூழ்ச்சியைக் கண்டறிந்து விலகுவதே அறிவு. பெற்றோரே! ஆட்டம் முடிந்தபின் பிள்ளையை அருகிருத்தி, எவ்வாறு வென்றாய் என்று கேளுங்கள். அடுத்து உங்கள் ஊரின் கதையைச் சொல்லுங்கள். காஞ்சித் திணையைக் கணினி கற்பியாது; அதனை வீடுதான் கற்பிக்கவேண்டும்.