கை சொல்லும் கால் கணக்கு

மணிக்கட்டில் கட்டிய ஃபிட்னெஸ் பேண்டுக்கு நமக்குக் கால்கள் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிவது கையின் அசைவு மட்டும். உள்ளே சில மில்லிமீட்டர் அகலத்தில் ஆக்சலரோமீட்டர் என்ற சிப் ஒன்று இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய துண்டு ஒன்று அதற்குள் மெல்லிய வில்களில் தொங்குகிறது. கை அசைந்தால் அது இம்மியளவு நகரும், அந்த நகர்வு மின் அளவாக மாறும். மேல்கீழ், முன்பின், இடவலம் என மூன்று திசைகளிலும் வினாடிக்குப் பல முறை இந்த அளவு பதிவாகிறது. இயல்பாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 காலடி வைக்கிறார், அதாவது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு. அந்த இரண்டு காலடிக்குள் ஒரு கை ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வந்துவிடும். கூடவே, பாதம் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு அதிர்வு உடல் வழியாக மணிக்கட்டு வரை ஏறுகிறது. இந்த இரண்டு தாளங்களையும் பிரித்தெடுத்து, இது நடையாகத்தான் இருக்க வேண்டும் என்று மென்பொருள் முடிவு கட்டுகிறது. திரையில் தெரியும் 8,432 என்ற எண், கடைசி இலக்கம் வரை எண்ணிய தோற்றம் தந்தாலும், ஓர் ஊகம்தான். அந்த ஊகம் எந்த அளவுக்குப் பலிக்கும் என்பது பேண்டின் விலையை விட, அதைக் கட்டியிருக்கும் கை அன்றைக்கு என்ன வேலை பார்த்தது என்பதைத்தான் பொறுத்திருக்கிறது.

சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றுங்கள். கால் ஓயாமல் நடந்திருக்கும், பேண்டோ அதில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்த்திருக்காது. குழந்தை வண்டி தள்ளினாலும், மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஏறினாலும், கால்சட்டைப் பைக்குள் விட்ட கையோடு நடந்தாலும், போனைக் காதில் வைத்தபடி நடந்தாலும் இதே கதை. கை நின்றுவிட்டால் பாதத்தின் மெல்லிய அதிர்வு மட்டுமே மிஞ்சும், மெதுவாக நடப்பவர்களிடம் அதுவும் மங்கிவிடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பரோட்டா மாவை வீசி அடிப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், கச்சேரியில் தொடர்ந்து கைதட்டுபவர், குண்டும் குழியுமான சாலையில் பைக் ஓட்டுபவர் ஆகியோர் இருந்த இடத்திலிருந்தே சில நூறு காலடிகளைச் சம்பாதித்துவிடலாம். இப்படிப் பொய்க் காலடிகள் சேராமல் இருக்க, ஒரே சீரான தாளம் சில வினாடிகளாவது நீடித்தால்தான் கணக்கில் சேர்ப்பது என்று பல பேண்டுகளின் மென்பொருளில் காவல் போட்டிருக்கிறார்கள். அந்தக் காவல் பொய்யை மட்டும் பிடிப்பதில்லை. அடுப்பிலிருந்து ஃபிரிட்ஜுக்கு நான்கு எட்டு, அங்கிருந்து சிங்க்குக்கு மூன்று எட்டு என்று நாள் முழுக்க நடப்பவரின் நிஜக் காலடிகளும் அதில் கழிந்துபோகின்றன. காவலை இறுக்கினால் நிஜம் தொலையும், தளர்த்தினால் பொய் நுழையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த முடிவு. ஒரே கையில் இரண்டு கம்பெனி பேண்டுகளைக் கட்டினால் இரண்டும் இரண்டு எண் காட்டுவது அதனால்தான். ஒன்று பழுது என்று பொருளில்லை.

நல்ல விலை கொடுத்து வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதே என்று கேட்கலாம். ஓரளவுக்கு நியாயமான கேள்விதான், மட்டமான சிப்பும் அரைகுறை மென்பொருளும் கொண்ட பேண்டுகள் சந்தையில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெயர் பெற்ற நிறுவனம் என்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரை டிரெட்மில்லில் மணிக்கு 3 மைல் வேகத்தில் நடக்கவைத்து, கூடவே ஒருவரை எண்ணவைத்து, அந்தக் கணக்கோடு சாதனங்களை ஒப்பிட்டு 2015-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இடுப்பில் மாட்டிய சாதனங்கள் 1 சதவீதத்துக்குள் சரியாகக் காட்டின. பைக்குள் இருந்த போன்களின் பிழை கூட்டியோ குறைத்தோ 7 சதவீதத்துக்குள் அடங்கியது. மணிக்கட்டுப் பட்டைகளில்தான் பெரிய வித்தியாசம்: நைக்கியின் ஃபியூவல்பேண்ட் 22 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. அதன் பிறகு மென்பொருள் வெகுவாகத் தேறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. என்றாலும் டிரெட்மில் என்பது சமதளம், ஒரே வேகம், கையில் சுமை இல்லாத நடை. அதாவது பேண்டுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சுலபமான பரீட்சை. அதில் வாங்கிய மதிப்பெண்ணை மீன் மார்க்கெட்டுக்கும் அடுப்படிக்கும் அப்படியே பொருத்த முடியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும், அசையாத கையிலிருந்து அசைவைப் படிக்கும் சிப் கிடையாது.

அப்படியானால் மணிக்கட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? காலடி எண்ணும் கருவி முதலில் இடுப்பில்தான் இருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டான 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் 'மான்போகெய்', அதாவது 'பத்தாயிரம் காலடி அளவி', என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 10,000 என்ற இலக்கு உலகம் சுற்றத் தொடங்கியது அந்த விற்பனைப் பெயரிலிருந்துதான், மருத்துவ ஆய்விலிருந்து அல்ல. ஃபிட்பிட் நிறுவனம் 2009-இல் விற்ற முதல் கருவியும் உடையில் செருகும் கிளிப்தான். 2013-இல் ஃபிளெக்ஸ் வந்தபோது அது மணிக்கட்டுக்கு ஏறியது. கிளிப்பைக் கழற்றிய சட்டையிலேயே மறந்துவிடலாம், துணியோடு சேர்த்து வாஷிங் மெஷினிலும் போட்டுவிடலாம். கையில் கட்டியது தூங்கும்போதும் கூடவே இருக்கும், பின்னாளில் நாடித்துடிப்பையும் அளக்க வசதியானது. அமெரிக்க அரசின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு 2003 முதல் 2006 வரை இடுப்புக் கருவிகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, 2011-இல் மணிக்கட்டுக்கு மாறியது; மக்கள் இன்னும் அதிக நேரம் அணிந்திருக்க வேண்டும் என்பதே காரணம், அப்படியே நடக்கவும் செய்தது. மேசை இழுப்பறையில் கிடக்கும் துல்லியமான கருவியை விட, கையில் கிடக்கும் சுமாரான கருவி உபயோகமானது என்பது சரியான வாதம். ஆனால் துல்லியத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த வசதியை வாங்கியிருக்கிறோம் என்பது பேண்டின் அட்டைப்பெட்டியில் அச்சாவதில்லை.

இன்னொரு சமாதானமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. எண் சரியோ தப்போ, தினமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் போதும்; நேற்றைவிட இன்று கூடியதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எப்போதும் 50 கிராம் கூட்டிக் காட்டும் தராசை வைத்தும் உடம்பு இளைத்ததா என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற தர்க்கம் இது. மணிக்கட்டுக் கணக்கு அந்த மாதிரித் தராசு அல்ல. அரிசிக்கு 50 கிராம் கூட்டி, பருப்புக்கு 80 கிராம் குறைத்துக் காட்டும் தராசு. அரிசி மட்டுமே நிறுப்பவருக்குச் சிக்கலில்லை. வாரம் முழுக்க அலுவலகம், காலையில் ஒரே பூங்காவில் ஒரே நடை என்று வாழ்பவரின் பிழை பெரும்பாலும் நிலையானது, ஏற்ற இறக்கத்தை நம்பலாம். வீட்டில் விருந்தாளிகள் வந்த வாரத்தில் கூடிய 2,000 ஸ்டெப் நடையா, தோசைக்கல் முன்னால் நின்ற கையா என்பது பேண்டுக்குத் தெரியாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பதும் ஆசைதான். தள்ளுவண்டி தள்ளுபவருக்குக் குறைவு மட்டுமே வரும், மாவு பிசைபவருக்குக் கூடுதல் மட்டுமே வரும்.

ஆகவே செய்ய வேண்டியது, உங்கள் கையில் உங்கள் பேண்ட் எந்த நடையில் எவ்வளவு தவறுகிறது என்று அளந்துகொள்வது. ஜப்பானின் தொழில்துறைத் தரநிலை காலடிக் கருவிகளுக்கு அனுமதிக்கும் பிழை 3 சதவீதம். 100 காலடிக்கு மூன்று முன்னே பின்னே. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிடம் அசையாமல் நின்று திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலது கால் பதிவதை மட்டும் எண்ணி நடங்கள். 250 வந்தால் 500 காலடி. எண்ணிக்கை தவறும் என்று பயந்தால், ஜபம் எண்ண விரலில் மாட்டும் சின்ன கவுண்டர் பூஜைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது, பேண்ட் இல்லாத கையில் அதை அழுத்திக்கொண்டே போகலாம். நின்றதும் உடனே திரையைப் பார்க்காதீர்கள். பல பேண்டுகள் காலடிகளைக் கொத்தாகச் சேர்த்துவைத்துத் தாமதமாகத்தான் காட்டும். அரை நிமிடம் கழித்துப் பாருங்கள். இதைக் கை வீசி நடக்கும் வேக நடையில் ஒருமுறை, காய்கறிப் பை தூக்கிய கையோடு ஒருமுறை, வீட்டுக்குள் அன்றாட வேகத்தில் ஒருமுறை செய்தால் உங்கள் பேண்டின் குணம் பிடிபட்டுவிடும். முதல் நடையில் 490-உம் இரண்டாவதில் 310-உம் காட்டினால் பேண்டில் கோளாறில்லை, பையை மறு கைக்கு மாற்றினால் போதும். ஒன்று மட்டும் கூடாது: ஒரு நடையில் கிடைத்த விகிதத்தால் நாள் முழுத் தொகையைப் பெருக்கித் 'திருத்தம்' செய்வது. வேக நடையின் பிழை அடுப்படிக்குப் பொருந்தாது.

பேண்டின் செயலியில் கவனிக்க வேண்டியவை குறைவு. எந்தக் கை என்று கேட்கும் இடத்தில் உண்மையைச் சொல்லுங்கள். புழங்கும் கை என்று குறித்தால் சில பேண்டுகள் சிறு அசைவுகளைப் புறக்கணிக்கும், அதனால் அடிக்கடி கை மாற்றிக் கட்டினால் கணக்கும் மாறும். சோற்றுக் கையை விட்டு மறு கையில் கட்டுவதே நல்லது. பட்டை வளையல் மாதிரி ஆடினால் அந்த ஆட்டமும் பதிவாகும். உயரம், ஜிபிஎஸ், நடை நீளம் ஆகிய அமைப்புகளில்தான் பலரும் குழம்புகிறார்கள். அவை பெரும்பாலும் தூரக் கணக்கைத் திருத்துவன, காலடிக் கணக்கை அல்ல. தூரத்தை வைத்துக் காலடிக் கணக்கைச் சோதித்தாலும் குழப்பம்தான். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் குறிக்கப்பட்டன. 8 கிலோமீட்டர் என்றால் 10,000 ஸ்டெப் என்று பொதுவாகச் சொல்லும் கணக்குக்கு ஒவ்வொரு காலடியும் 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நடை நீளம் உயரத்தில் ஏறத்தாழ 41 சதவீதம் என்பது வழக்கமான மதிப்பீடு. அதன்படி 80 சென்டிமீட்டருக்கு 195 சென்டிமீட்டர் உயரம் தேவை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணின் காலடி 65 சென்டிமீட்டர் என்றால், அதே பாதையில் அவருக்கு 12,300 ஸ்டெப் வரும். பேண்ட் அப்படிக் காட்டினால் அது கூட்டிச் சொல்லவில்லை, சரியாகவே எண்ணியிருக்கிறது.

இவ்வளவு துருவிப் பார்க்க வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆரோக்கியமான நடுவயதினர் ஒருவருக்கு, வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உடம்புக்கு அதிகப் பலன் தரும் தொடர்ச்சியான வேக நடையைத்தான் பேண்ட் மிகச் சரியாக எண்ணுகிறது. பிழைகள் குவிவது துண்டுதுண்டான நடையில். அதோடு, இலக்கே கறாரானதல்ல. 2019-இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 72 வயதான 16,741 பெண்களில், நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களை விட 4,400 நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' 2025-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் 7,000-ஐ ஒட்டியே பேசியது. ஆனால் 2019 ஆய்வில் அந்தப் பெண்கள் கருவியைக் கட்டியிருந்தது இடுப்பில். இடுப்பில் அளந்த 4,400-ஐ மணிக்கட்டு காட்டும் 4,400-ஓடு நேரடியாக ஒப்பிடுவது, குறிப்பாக மெதுவாக நடக்கும் வயதில், சரியாக வராது. கலோரிக் கணக்கை நம்பிக் கூடுதலாக ஓர் இட்லி வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு மணிக்கட்டுச் சாதனங்களைச் சோதித்தபோது, கலோரியில் மிகச் சரியாக இருந்த சாதனமே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

துல்லியம் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் இரண்டு வகை. முதலாவது, ஸ்டெப் கணக்கைக் காட்டி மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் சலுகை பெறுபவர்கள். போனை ஆட்டிக்கொண்டே இருக்கும் தொட்டில் கருவிகள் இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கும் காலத்தில், ஊகமாகக் கிடைத்த ஓர் எண்ணுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு ஏமாற்றுபவருக்கு லாபம், ஊன்றுகோலோடு நடப்பவருக்கு நஷ்டம். நாடித்துடிப்பு கூடிய நிமிடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அநியாயம் கொஞ்சம் குறையும். இரண்டாவது வகை, அறுவைச் சிகிச்சைக்கோ பக்கவாதத்துக்கோ பிறகு மீண்டும் நடை பழகுபவர்கள். வாக்கரைப் பிடித்த அவர்களின் இரண்டு கைகளும் அசைவதில்லை; மருத்துவர் 800 காலடி நடக்கச் சொல்லியிருக்க, நடந்து முடித்த பிறகும் திரை 150-இல் நின்றால் மனசு விட்டுப்போகும். மெதுநடை ஆய்வுகளில் கருவியைக் கணுக்காலில் கட்டுவது வெகுநாள் வழக்கம். வீட்டிலும் அதையே செய்யலாம்: பட்டை நீளம் போதுமானால் பேண்டைக் கணுக்காலில், வெளிப்பக்கமாக, சாக்ஸுக்கு மேல் கட்டி, 50 காலடி எண்ணிப் பார்க்க வேண்டும். சில பேண்டுகள் அங்கே ஒரு காலின் அசைவை மட்டும் படித்துப் பாதி எண்ணைக் காட்டும், அப்போது இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். நாடித்துடிப்புக் கணக்கை மட்டும் அந்த நேரத்துக்கு நம்பக் கூடாது.