நற்பெயரும் நன்கொடையும்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், மரக்காணத்தருகே உப்புப் பாத்திகள் பரந்து கிடப்பதைக் காண்பர். கோடை வெயிலில் அங்கு உப்பு வாரும் தொழிலாளருக்கு, ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வேலையில்லை. அதனோடு புயலும் சேர்ந்துகொண்டால் அவர்கள் பாடு சொல்லத் தரமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை இக்கரையைத் தாக்கியது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி 'பெஞ்சல்' புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, இவ்வுப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முதுமொழி. இத்தகைய வேளைகளில் நம் குடும்பங்கள் கொடுக்க மறுப்பதில்லை. யாரிடம் கொடுப்பது என்றே தயங்குகின்றன. நன்கொடை அளிப்பவர் மரக்காணம் சென்று நேரில் பார்க்கப் போவதில்லை. ஆகையால் தர்ம ஸ்தாபனத்தின் பெயரே அவருக்கு அத்தாட்சியாகிறது. தொண்டு செய்யப் புறப்படும் இளைஞனுக்கோ அப்பெயர் இன்னும் முக்கியம். பணம் கொடுப்பவர் பணத்தை மட்டும் கொடுக்கிறார். தொண்டனோ தன் பெயரையும் சேர்த்தல்லவா கொடுக்கிறான்! மாணவர்களைத் தொண்டுக்கு அழைத்தால், "எந்தச் சங்கத்தோடு?" என்று பெற்றோர் கேட்பது இதனால்தான்.

அந்த நற்பெயர் எவ்வாறு உண்டாகிறது? 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத், மத்திய நிவாரணக் கமிட்டியை நிறுவித் தேசமெங்கும் நிதி திரட்டினார். அதன் கணக்குகளைக் கண்காணிக்க வந்தவர் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியல் பயின்ற ஜே. சி. குமரப்பா. தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் வரையறுத்தார். காந்தியடிகள் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதி ஏற்க இயலாது என்று கூறிவிட்டார். அடிகளும் அதனை ஒப்புக்கொண்டார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பதற்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமோ?

பிற தேசங்களிலும் இதுவே நியாயம். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதித் தாக்குதலுக்குப்பின், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஐம்பது கோடி டாலருக்கு மேல் குவிந்தது. அதில் ஒரு பகுதியை வருங்காலத் தேவைக்கு ஒதுக்க அச்சங்கம் எண்ணியது. ஜனங்கள் கொதித்தெழுந்தனர், முழுத் தொகையும் பாதிக்கப்பட்டோருக்கே என்று நவம்பரில் அறிவிக்க நேர்ந்தது. இதற்கு மாறாக, ஆழிப் பேரலை வந்து பத்து நாட்கள் ஆகுமுன்பே, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற சங்கம், இப்பணிக்குப் போதிய நிதி சேர்ந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிற்று. வாங்க மறுத்ததால் அதன் மதிப்புக் குன்றவில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பெயர் என்பது நிழல், நடத்தையே உரு. விளம்பரத்தால் நிழலைப் பெரிதாக்கிக் காட்டவும் கூடும். கடலோரச் சிற்றூரில் நாலு பேர் சேர்ந்து நேர்மையாக நடத்தும் சங்கத்தின் பெயர், சென்னையிலே யாருக்கும் தெரியாமலும் இருக்கலாம். பெயரை மட்டும் நம்புவோர் முன்னதற்கு ஏமாறுவர். பின்னதற்கு அநீதி செய்வர். ஒரு சங்கம் கெட்ட பெயரெடுத்தால், அதைக் கண்டு மனம் கசந்தோர் மற்றச் சங்கங்களுக்கும் கதவடைக்கிறார்கள். அந்த நஷ்டம் சங்கத்தாரைச் சேர்வதில்லை. மழைக்காலத்தில் அடுப்பெரியாத உப்பளத் தொழிலாளியின் குடிசையையே சேர்கிறது.

ஆதலால் கணக்குக் கேட்பது கருமித்தனமென்று கூச வேண்டாம். வந்த தொகை எவ்வளவு, சென்ற தொகை எவ்வளவு, யாருக்குச் சென்றது, தணிக்கை செய்தவர் யார் என்று கேளுங்கள். நேர்மையான சங்கம் இக்கேள்விகளை வரவேற்கும். விடை திருப்தியாயிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். விடுமுறையில் உங்கள் பிள்ளைகளையும் அனுப்பிவையுங்கள்.