ஆம்னியும் பஸ்ஸும்

திண்டுக்கல் வழியாக ராத்திரியில் சென்னைக்குப் போகும் தனியார் சொகுசு வண்டிக்கு ஊரில் பெயர் ‘ஆம்னி’. காமராசர் பேருந்து நிலையத்திலிருந்து சின்னாளபட்டிக்கும் நத்தத்துக்கும் போவது வெறும் ‘பஸ்’. இரண்டும் ஒரே சொல்லை உடைத்து எடுத்தவை. அந்தச் சொல் ஆம்னிபஸ்.

லத்தீனில் அதற்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். முன்பாதியில்தான் ‘எல்லோர்’ இருக்கிறது. கடைசி ‘பஸ்’ நம்முடைய ‘கு’ மாதிரி ஒரு வேற்றுமை உருபின் வால். தனியே அதற்குப் பொருளே கிடையாது. உலகமே ஏறிப் போவது அந்த வாலில்தான்!

பிரான்சில் நாந்த் நகரத்து ஸ்தானிஸ்லாஸ் போத்ரி, ஊருக்கு வெளியே வெந்நீர்க் குளியலகம் நடத்தினார். ஆட்களை அழைத்துவர 1826-இல் குதிரை வண்டி விட்டார். ஏறியவர்களோ பாதி வழியிலேயே இறங்கித் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். குளியலைவிட வண்டிதான் தேவை என்று புரிந்துகொண்டு, 1828-இல் பாரிஸிலும் தொழிலைத் தொடங்கினார். நாந்த் நகரத்துக் கடைப் பலகை ஒன்றிலிருந்து ஆம்னிபஸ் என்ற பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். லண்டனில் 1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர் ஓட்டிய வண்டியை மூன்று குதிரைகள் இழுத்தன. 22 பேர் உட்காரலாம். முன்பதிவு வேண்டாம், வழியில் கைகாட்டி ஏறலாம், வேண்டிய இடத்தில் இறங்கலாம். புதுமை அதுதான். கட்டணம் ஒரு ஷில்லிங் என்பதால் கூலியாட்கள் என்னவோ நடந்துதான் போனார்கள்.

நம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் எந்த மோட்டார் வண்டியும் ஆம்னிபஸ்தான். அந்தக் கணக்கில் மினி பஸ்ஸும் ஆம்னியே. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் ராத்திரிச் சொகுசு வண்டிகள் போன்ற ஒப்பந்த ஊர்திகளிடம் போய் ஒட்டிக்கொண்டது. ஒப்பந்த ஊர்திக்கான பெர்மிட்டில் வழிநெடுக ஆள் ஏற்றி இறக்க இடமில்லை. பைபாஸில் நடப்பது வேறு விஷயம். ஆக, ‘எல்லோர்’ என்ற பாதியைப் பெயரில் சுமக்கும் வண்டி, சட்டப்படி எல்லோருக்குமானது அல்ல.

போத்ரியின் யோசனையைப் பார்க்க வேண்டுமானால் சின்னாளபட்டி டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும். சுங்குடிச் சேலை மூட்டையோடு ஓர் அம்மா ஓடி வந்து கை காட்டுவார். “ஹோல்டான்!” என்பார் கண்டக்டர். மூட்டை ஏறி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கும். விசில், “போலாம் ரைட்!” மேலே சொன்ன சட்டத்தில் இந்த வண்டிக்கு வேறு வகை: தனித்தனிக் கட்டணம் வாங்கி, இடையில் நிறுத்தி ஏற்றி இறக்கும் நிலைப் பேருந்து. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. அதே நிலையத்தில், நகரப் பேருந்து அல்லாத மதுரை வண்டியில் ஏறினால் அவர்களும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும்.