'ஒரிஜினலைக் கொடுத்துட்டு ஜாயின் பண்ணுங்க' என்றால்..? தமிழ்நாட்டில் நர்ஸ் வேலை: லைசென்ஸ் முதல் சம்பளம் வரை

இன்டர்வியூ நன்றாகவே போயிருக்கும். ஐ.வி லைன், டோஸ் கணக்கு, சி.பி.ஆர் என்று கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லியிருப்பீர்கள். கடைசியில் ஹெச்.ஆர் சிரித்த முகத்தோடு கேட்பார்: "ஒரிஜினல்ஸ் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களாம்மா? கொடுத்துட்டு நாளைக்கே ஜாயின் பண்ணிக்கலாம்."

வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஃபைலோடு நீட்டிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அந்த ஃபைலுக்குள் இருப்பது என்ன, அதற்கு என்ன மதிப்பு என்று தெரிந்தால் கை அவ்வளவு சீக்கிரம் நீளாது.

கோர்ஸ் முடிச்சா நர்ஸ் ஆகிட முடியுமா?

முடியாது. நான்கு வருட பி.எஸ்சி நர்ஸிங் படித்திருக்கலாம், மூன்று வருட ஜி.என்.எம் டிப்ளமோ முடித்திருக்கலாம். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பெயர் பதிவாகும் வரை, சட்டத்தின் கண்ணில் நீங்கள் நர்ஸிங் படித்தவர், அவ்வளவுதான். 1926-ல் மெட்ராஸ் மாகாணத்தில் போட்ட சட்டத்தின்கீழ் வந்த கவுன்சில் இது. மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் அலுவலகம். டெல்லியில் இருக்கும் இந்தியன் நர்ஸிங் கவுன்சில் சிலபஸையும் தரத்தையும் பார்த்துக்கொள்ளும். லைசென்ஸ் கொடுப்பது மாநிலக் கவுன்சில்தான்.

பி.எஸ்சி, ஜி.என்.எம் இரண்டுக்குமே ரிஜிஸ்டர்டு நர்ஸ், ரிஜிஸ்டர்டு மிட்வைஃப் என்று இரண்டு பதிவு உண்டு. இரண்டு வருட ஏ.என்.எம் முடித்தவர்களுக்குத் தனிப் பதிவு. கிராமத்து துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்.

இந்த மூன்றைத் தவிர ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் 'ஒரு வருட நர்ஸிங் டிப்ளமோ, உடனடி வேலை' போஸ்டரை நம்பிவிடாதீர்கள். அதில் சேர்ந்தால் வெள்ளை யூனிஃபார்ம் கிடைக்கும், வேலைகூடக் கிடைக்கலாம். ஆனால் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பத்து வருடம் வார்டில் நின்றாலும் அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது. பிளஸ் டூ முடித்த தங்கச்சி யாராவது வீட்டில் இருந்தால், ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரி பெயர் கவுன்சிலின் பட்டியலிலும், பி.எஸ்சி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

பதிவைத் தள்ளிப் போட்டால் என்ன நஷ்டம்?

'முதல்ல வேலைக்குப் போவோம், ரிஜிஸ்ட்ரேஷனை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நினைப்பது சகஜம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வளைகுடா நாடுகளில் இரண்டு வருட அனுபவம் கேட்கும்போது, பதிவு தேதிக்குப் பிறகு செய்த வேலையைத்தான் பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பதிவு செய்தால், அந்த ஆறு மாத நைட் டியூட்டி கணக்கிலேயே வராமல் போகலாம்.

பதிவு செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அது நம்ம ஊர் இனிஷியல் பிரச்னை. மார்க் ஷீட்டில் 'எஸ்.பிரியா', ஆதாரில் 'பிரியா எஸ்', பாஸ்போர்ட்டில் 'பிரியா செல்வம்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்களுக்கு மூன்று பேர்! கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வேறு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதல் பதிவிலேயே எழுத்துக்கு எழுத்து சரி பார்த்துவிடுங்கள். பின்னால் திருத்த அலைவது பெரிய தலைவலி.

பதிவு வாழ்நாளுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள், குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்வி நேரம் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் நடக்கும் பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு சான்றிதழ்களைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். தேசிய அளவில் ஒவ்வொரு நர்ஸுக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் பதிவேடும் இருக்கிறது. அதிலும் உங்கள் பெயர் ஏற வேண்டும். பெங்களூருக்கோ கொச்சிக்கோ வேலைக்குப் போகிறீர்கள் என்றால் இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆஃபர் லெட்டரில் 18 ஆயிரம், கையில் 11 ஆயிரம்

இப்போது சம்பளத்துக்கு வருவோம். சிறு ஊர் நர்ஸிங் ஹோம்களில் புதிதாகச் சேரும் நர்ஸுக்கு இன்றும் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் பேச்சு தொடங்குகிறது. சென்னை, கோவை, மதுரையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதைவிட அதிகம். ஆனால் எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிட வேண்டாம்.

ஒரு கணக்கு போடலாம். ஆஃபர் லெட்டரில் சி.டி.சி மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய் என்று இருக்கிறது என வையுங்கள். அதில் ஆஸ்பத்திரி கட்டும் பி.எஃப் பங்கும் இ.எஸ்.ஐ பங்கும் சேர்ந்திருக்கும். அதைக் கழித்தால் உங்கள் மொத்தச் சம்பளம் 16,000. அதில் பேசிக் 10,000 என்றால், உங்கள் பங்கு பி.எஃப் 12 சதவிகிதம், அதாவது 1,200 போகும். இ.எஸ்.ஐ 0.75 சதவிகிதம், 120 ரூபாய். மிச்சம் 14,680. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 3,500 பிடித்தால் கையில் வருவது 11,180. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி வேறு எட்டிப் பார்க்கும்.

இதனால் பி.எஃப்-ஐத் திட்டாதீர்கள். அது உங்கள் பணம்தான். அதைவிட முக்கியம், நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு ஆஸ்பத்திரி தயவில்லாமல் கிடைக்கும் சாட்சி அது. 'பி.எஃப் எல்லாம் வேணாம்மா, மொத்தமா கையில கொடுத்துடறோம்' என்று சொல்லும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். நாளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் தர மாட்டேன் என்று முரண்டு பிடித்தால், உங்களிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. சம்பளத்தை கவரில் வாங்காமல் வங்கிக் கணக்கில் வாங்கச் சொல்வதும் இதனால்தான்.

சம்பளத்தோடு இன்னொரு கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "நைட் டியூட்டியில ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்?" இந்தியன் நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல்படி, கல்லூரியோடு இருக்கும் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ். நிஜ வார்டுகளைப் பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். ஆனாலும் பதினைந்தா, முப்பதா என்பது தெரிந்து போவது நல்லது. இரண்டாயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் ஆள் அதிகம் இருக்கும் வார்டில்தான் வேலை கற்றுக்கொள்ள முடியும் என்பது என் கருத்து.

20,000 ரூபாய் என்ற எண்

தனியார் நர்ஸ்களின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். 100-க்கு மேல் என்றால் 10 சதவிகிதம் வரை குறையலாம். 50 முதல் 100 வரை என்றால் 25 சதவிகிதம் வரை குறையலாம். 50-க்கும் கீழே இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இதுதான் குழுவின் பரிந்துரை.

பரிந்துரை என்பதுதான் இங்கே சிக்கல். அதைச் சட்டமாக்குவது மாநிலங்கள் கையில். பக்கத்துக் கேரளாவில் நர்ஸ்கள் விடாமல் போராடி, 2018-ல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையிலேயே அடிப்படைச் சம்பளம் 20,000 என்று கொண்டுவந்துவிட்டார்கள். நாகர்கோவிலில் வேலை பார்ப்பவரும் திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவரும் படித்தது ஒரே சிலபஸ்; நடுவில் இருப்பது ஒன்றரை மணி நேர ரயில் பயணம். பேரம் பேசும்போது இந்த எண் உங்கள் மனதில் இருக்கட்டும்.

அரசு வேலை என்றால் செட்டில்தானா?

பாதி உண்மை. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுப்பது 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி. 2015-ல் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கலாம். பிறகு தொகை 14,000 ஆனது, அப்புறம் 18,000. நிரந்தரப் பணி காலியிடத்துக்கு ஏற்பத் தவணை தவணையாகத்தான் வருகிறது. ஒரே வார்டில் ஒரே வேலை பார்க்கும் சீனியர் அக்காவின் சம்பளத்தில் பாதிகூட வராமல் வருடக்கணக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-உடன் வேலையே முடிந்தது. எனவே நோட்டிஃபிகேஷனில் 'தொகுப்பூதியம்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மத்திய அரசுப் பக்கம் கதை வேறு. எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தேர்வானால் நர்ஸிங் ஆபீசர் பதவி. அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. பி.எஸ்சி முடித்துப் பதிவு இருந்தால் நேரடியாக எழுதலாம். ஜி.என்.எம் என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஆண்கள் கவனிக்க: இடங்களில் 80 சதவிகிதம் பெண்களுக்கு, உங்களுக்கு 20 சதவிகிதம்தான்.

பார்த்தீர்களா? இங்கும் கேட்பது பதிவு, அனுபவச் சான்று. மறுபடி அதே ஃபைல்தான்.

அந்த ஃபைலை என்ன செய்வது?

ஒரிஜினலைக் காட்டலாம். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் விட்டுவிட்டு வரக் கூடாது. கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் பொருள் அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 'எல்லாரும் கொடுத்திருக்காங்களே' என்று அழுத்தினால், என்னென்ன வாங்கிக்கொண்டார்கள் என்று லெட்டர்ஹெட்டில் சீல் வைத்து எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் இந்த ஒரு கேள்வியிலேயே பேச்சு மாறிவிடும்.

பாண்டு விஷயம் கொஞ்சம் வேறு. 'பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காது' என்று ஃப்ரெண்ட்ஸ் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025-ல் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், பாதியில் வேலையை விட்டவர் ஒப்புக்கொண்ட 2 லட்சம் ரூபாய் செல்லும் என்றுதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, உங்களுக்கு அவர்கள் கொடுக்கும் பயிற்சி என்ன, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று படியுங்கள். மொபைலில் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பத்திரத்திலும் தொகை எழுதாத காசோலையிலும் கையெழுத்துக் கேட்டால், அந்த வேலை வேண்டாம்.

வெளிநாடு கனவு இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். சவுதி, குவைத் உட்பட குடியேற்றச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவதை 2015 முதல் அரசு ஏஜென்சிகள் மூலமாகத்தான் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. நம் மாநிலத்தில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மற்ற நாடுகளுக்குத் தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும். லட்சக்கணக்கில் கேட்டு, கூடவே ஒரிஜினலையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்பவரிடமிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று ராத்திரி டியூட்டி இல்லையென்றால் ஒரு வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து கவுன்சில் பதிவுச் சான்று வரை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பதை அதிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஃபைல், அம்மாவின் புடவை பீரோவில் பத்திரமாக இருக்கட்டும்.