தோல் அகற்றிய பின் ஆறு வாரம்

உடல் எடை 40, 50 கிலோ குறைந்த பின்னும் தோல் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே நின்றுவிடுகிறது. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் நார், நெகிழ்வு தருவது எலாஸ்டின் நார். பல ஆண்டுகள் கொழுப்பின் பாரத்தில் இழுபட்ட தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் கொலாஜன் மெலிந்தும் எலாஸ்டின் சிதைந்தும் இருக்கும். எலாஸ்டினை உடல் பெரும்பாலும் கருவிலும் இளம் பருவத்திலுமே உருவாக்குகிறது. வளர்ந்த பின் சிதைந்ததை அதனால் பெரிதாக ஈடுகட்ட முடிவதில்லை. ஆகவே இரைப்பை அறுவையால் மெலிந்தவர், உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர், செமாக்ளுடைடு, டிர்ஸெபடைடு ஊசியால் மெலிந்தவர் என யாராக இருந்தாலும் வயிறு, மேற்கை, தொடை, மார்பு ஆகிய இடங்களில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கலாம். அந்த அளவுக்குத் தொங்கிய தோலை எந்தக் களிம்பும் உடற்பயிற்சியும் சுருக்குவதில்லை. மிகுதியான தோலை வெட்டி எடுத்துத் தைப்பதுதான் வழி. வயிற்றுக்குச் செய்வது அப்டமினோபிளாஸ்டி. இடுப்பைச் சுற்றி முழுவட்டமாக வெட்டும் முறையும், மேற்கைக்கும் தொடைக்கும் தனித்தனி முறைகளும் உண்டு.

தொங்கும் வயிற்றுச் சதையை அகற்றியதை அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் ஹோவர்டு கெல்லி 1899-லேயே பதிவு செய்தார். பிரேசிலின் ஈவோ பிட்டங்கி 1960-களில் வயிற்று அறுவையைச் செம்மைப்படுத்தினார். உடலைச் சுற்றித் தோலை இழுத்துத் தைக்கும்போது, தோலுக்கு அடியில் உள்ள சவ்வைத் தைத்துப் பாரத்தை அதன்மேல் ஏற்ற வேண்டும் என்று 1990-களில் காட்டியவர் டெட் லாக்வுட். இழுவிசை தோலில் விழாமல் சவ்வில் விழுவதால் தழும்பு அகலாமல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது சிலருக்கு மட்டுமான விஷயமாக இனி இருக்கப்போவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். எடைக்குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோ, வெகோவி இரண்டும் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. மெலிபவர்கள் பெருகும்போது தோல் தொங்கி அவதிப்படுபவர்களும் பெருகுவார்கள்.

வடசென்னைக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. ராயபுரத்தையும் வண்ணாரப்பேட்டையையும் ஒட்டிப் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. இயந்திரத்தில் சிக்கிய விரல்களையும் கைகளையும் சீரமைப்பதில் பெயர்பெற்ற அதன் கை அறுவைப் பிரிவை உருவாக்கியவர் ஆர். வெங்கடசாமி. அந்த மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில்தான் 2018 பிப்ரவரியில் மார்பக அளவைத் திருத்தும் அறுவைக்கென இலவசப் பிரிவு தொடங்கப்பட்டது. ஏழைகளுக்கு இது ஏன் கிடைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ போவார்களே என்று அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் வாதிட்டார். உயிர்காக்கும் சிகிச்சைக்குப் போகவேண்டிய பணம் அழகுக்குப் போகிறது என்று பொது சுகாதாரம் அறிந்தவர்கள் சிலர் கண்டித்தார்கள். தோல் அகற்றும் அறுவைக்கும் அதே கண்டனம் எழலாம். ஆனால் தொங்கும் வயிற்று மடிப்புக்குள் வியர்வை தேங்கி, பூஞ்சை பிடித்து, தோல் உரிந்து, சென்னைப் புழுக்கத்தில் ஆண்டு முழுக்க எரிச்சலோடு வாழும் ஒருவரைப் பார்த்தவர்கள் அதை அழகுப் பிரச்சினை என்று சொல்லமாட்டார்கள்.

தோல் அகற்றும் அறுவை பெரும்பாலும் வெற்றியடைவதும் சிக்கலாவதும் அறுவை அரங்குக்கு வெளியே, வீட்டில் கழியும் முதல் ஆறு வாரங்களில்தான். அதற்கான ஆயத்தம் முன்பே தொடங்கிவிடுகிறது. எடை சில மாதங்களாக ஏறாமல் இறங்காமல் நிலைத்திருக்க வேண்டும். இரைப்பை அறுவை செய்தவர்கள் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்கிறார்கள். பீடி, சிகரெட்டைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பின்பும் தொடக் கூடாது. நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் தைத்த தோலின் விளிம்பு ரத்தம் கிடைக்காமல் கறுத்து அழுகும். வாயில் அடக்கும் புகையிலையிலும் அதே நிகோட்டின்தான். எடைக்குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர் அதை மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது.

பருமனாக இருந்தபோது தோலுக்கு ரத்தம் கொண்டுசென்ற குழாய்கள் தடித்திருக்கும். மெலிந்த பின்னும் அவை முழுதாகச் சுருங்குவதில்லை. அதனால் அறுவையில் ரத்த இழப்பு கூடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம், ரத்தசோகை உள்ளவர்கள் என்பது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. இரைப்பை மாற்றுவழி அறுவை செய்தவருக்கு, இரும்புச்சத்தை உறிஞ்சும் முன்சிறுகுடலைத் தவிர்த்தே உணவு போகிறது. இவ்விரண்டும் ஒருவரிடமே சேரும்போது ஹீமோகுளோபின் பார்க்காமல் நாள் குறிப்பது பொறுப்பற்ற செயல்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்க வைப்பார்கள். பல மணி நேர அறுவைக்குப் பின் அசையாமல் கிடந்தால் கெண்டைக்கால் சிரைகளில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கலாம். கூன்போட்டபடி நான்கடி நடப்பதும், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், மருத்துவர் சொன்னால் ரத்தம் உறையாமைக்கான ஊசியும் அதைத் தடுக்கின்றன. வயிற்றுத் தையல் இழுபடாமலிருக்க முதல் ஒன்றிரண்டு வாரம் நிமிர்ந்து நிற்க விடமாட்டார்கள். தூங்கும்போதும் முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்து மடங்கியே படுக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவது நல்லது.

தோலைப் பெயர்த்தெடுக்கும்போது நிணநீர்க் குழாய்களும் அறுபடுகின்றன. கசியும் நீர், தோலுக்கும் தசைக்கும் நடுவில் தேங்காதிருக்க மெல்லிய குழாய் செருகி, நுனியில் உறிஞ்சும் பை வைத்து அனுப்புவார்கள். வீட்டில் அதை நாள்தோறும் காலி செய்து அளவையும் நிறத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். சிவப்பாகத் தொடங்கும் கசிவு மெல்ல வெளிறி வைக்கோல் மஞ்சளாக மாறுவது நல்ல அறிகுறி. திடீரென்று பளிச்சென்ற சிவப்பில் பை நிறைந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே பல மருத்துவர்கள் குழாயை எடுக்கிறார்கள். எடுத்த பின் நீர் கோத்துக்கொண்டால் தளும்புவதுபோல் தெரியும். ஊசியால் உறிஞ்சிச் சரிசெய்யலாம், வீட்டில் அமுக்கி எடுக்க முயலக் கூடாது.

தையல் வலுப்பெறும் வேகம்தான் ஓய்வின் அளவைத் தீர்மானிக்கிறது. முதல் வாரத்தில் வெட்டுண்ட இடத்துக்கு இயல்பான தோலின் வலுவில் சுமார் 3 சதவீதமே இருக்கும். மூன்றாம் வாரத்தில் 20 முதல் 30 சதவீதம், மூன்று மாதத்தில் 80 சதவீதம். அதற்கு மேல் அது ஏறுவதில்லை. மேலே தோல் ஒட்டிக்கொண்டு வலியும் குறைந்துவிடும் மூன்றாம் வாரமே ஆபத்தான வாரம், ஏனென்றால் எல்லாம் ஆறிவிட்டதாக நோயாளி நம்பிவிடுகிறார்.

ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மருத்துவமனையில் எழுதித் தருவார்கள். நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று ஏறத்தாழ 15 கிலோ. தெருவில் நிற்கும் மெட்ரோ வாட்டர் லாரியில் பிடித்து, குடியிருப்பு வாரிய அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்குக் குடத்தை ஏற்றும் பெண்ணுக்கு அந்தச் சீட்டு என்ன சொல்கிறது என்று யாரும் விளக்குவதில்லை. மேற்கைத் தோல் அகற்றியவர் அடிபம்பில் கை வைக்கக் கூடாது. தொடை இடுக்கில் தையல் போட்டவருக்குக் குந்தி உட்காரும் கழிப்பறை தையலைப் பிரித்துவிடும், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி வாங்கியோ இரவலாகவோ முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். காசிமேட்டு மீன் சந்தையில் அரிவாள்மணை முன் குந்தி மீன் வெட்டுபவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் ஆறாம் வாரத்தில் நேராகப் பழைய வேலைக்குத் திரும்ப முடியாது, எடையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். வயிற்றுத் தசைகளை இறுக்கித் தைத்திருந்தால் இன்னும் நீண்ட ஓய்வு தேவைப்படும்.

உணவு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு மருத்துவர்கள் பொறுமையாகப் பேசியாக வேண்டும். தையல் போட்டவருக்கு மீன் கொடுத்தால் சீழ் வைக்கும், முட்டை சூடு, பருப்பும் கூடாது என்று பத்தியம் வைத்து, இட்லியும் ரசம் சோறும் பாலும் பிரெட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அக்கறையில் செய்வதுதான், ஆனால் புண்ணுக்கு மிகவும் தேவையான புரதத்தை அது பறித்துவிடுகிறது. கொலாஜன் என்பதே புரதம். அதை நெய்ய வைட்டமின் சி-யும் துத்தநாகமும் இரும்பும் வேண்டும். இரைப்பை அறுவை செய்தவருக்குச் சாதாரண நாளிலேயே 60 கிராமுக்குக் குறையாத புரதம் தேவை, புண் ஆறும் காலத்தில் அதற்கும் மேல். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். விலை குறைந்த மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் காசிமேட்டில் வந்திறங்குகின்றன. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து ஊட்டும் கரை இது. அந்த அறிவைத் தையல் போட்டவருக்கும் நீட்டித்தால் போதும். இரைப்பை சிறுத்தவர்கள் சோற்றுக்கு முன் மீனையோ முட்டையையோ சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் இடமிருக்காது. சைவர்களுக்குத் தயிர், பனீர், சோயா, சுண்டல் உண்டு. வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது.

வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்க ஏறத்தாழ ஆறு வாரம் இறுக்க உடை அணியச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அதை இரவும் பகலும் போட்டிருப்பது பெருங்கொடுமை. இரண்டு உடைகள் இருந்தால் ஒன்றைத் துவைத்து மாற்றலாம். சுருங்கி மடிந்து ஓரிடத்தை மட்டும் அழுத்தாதபடி அடிக்கடி சரிசெய்ய வேண்டும். அவசரமில்லாத அறுவை என்பதால் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. மழைக்காலமும் ஏற்றதல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. ஆறாத தையலோடு அந்தத் தண்ணீரில் நிற்பதை நினைத்தாலே பதறுகிறது. இந்தக் கரைக்குத் தை, மாசி மாதங்களே தோது.

இவ்வளவு கவனமாக இருந்தும், தையலின் சில இடங்கள், குறிப்பாக இரண்டு தையல் கோடுகள் சந்திக்கும் முனை, சிறிது பிரிவது சகஜம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சிறு பிளவுகள் பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டு மாற்றினாலே சில வாரங்களில் மூடிக்கொள்ளும். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமுள்ள சீழ் இருந்தால் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும்.

எடை இயந்திரம் இன்னொரு வகையில் வதைக்கும். அறுவைக்குப் பின் உடலில் நீர் தேங்கிச் சில கிலோ கூடுதலாகவே காட்டும். ஆண்டுக்கணக்கில் அந்த எண்ணையே பார்த்துப் பார்த்து மெலிந்தவர் இடிந்துபோகிறார். இரண்டு மூன்று வாரத்தில் மனச்சோர்வும் வருவதுண்டு. வீக்கம் முழுதாக வடிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதை வீட்டாரும் முன்பே தெரிந்துவைத்திருந்தால் பாதி பயம் குறையும். அடிவயிறு பல மாதம் மரத்திருக்கும், சிலருக்கு அந்த மரமரப்பு நிரந்தரம். அங்கே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். தழும்பு முதலில் சிவந்து தடித்து, ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டில் அடங்கும். கருமையான தோலில் தடித்த தழும்பு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் சிலிகான் பட்டை ஒட்டுவதும் வெயில் படாமல் மறைப்பதும் பயன் தரும்.

மருத்துவக் காப்பீட்டு விதிகளில் கடுமையான பருமனுக்கான இரைப்பை அறுவைக்கு நிபந்தனையோடு இடமுண்டு, அழகு அறுவைக்கு இல்லை. தோல் அகற்றுவது மருத்துவத் தேவை என்று காட்ட, புண்ணையும் தொற்றையும் முந்தைய சிகிச்சைகளையும் ஆவணமாகச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டில் உள்ள ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவர் சான்றளித்த நோய் விடுப்பில் ஊதியத்தின் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வழியுண்டு. மீன் வெட்டும் பெண்ணுக்கும் ஒப்பந்தச் சுமைத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. அவர்களுக்கு நாள் குறிக்கும் மருத்துவர்கள் ஹீமோகுளோபினோடு சேர்த்து, செய்யும் வேலை என்ன, வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, ஆறு வாரம் அதைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.