மெர்சிடிஸ் 170 வி: ஒரு நடுத்தரக் கார் உருவான விதம்

பெரிய கார்களுக்குப் பெயர்போன மெர்சிடிஸ்-பென்ஸ், இரண்டாம் உலகப் போருக்கு முன் மிக அதிகமாக விற்றது ஒரு நடுத்தரக் காரைத்தான். 1936இல் அறிமுகமான 170 வி என்ற அந்த மாடலில், 1942க்குள் 70,000க்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராகின. போர் முடிந்தபின் நிறுவனம் மறுபடி கார் செய்யத் தொடங்கியதும் இதை வைத்துத்தான். ஐந்தாண்டுக் காலம் பல வழிகளைச் சோதித்துப் பார்த்த பிறகே பொறியாளர்கள் இந்த வடிவமைப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

நெருக்கடியில் பிறந்த முன்னோடி

டைம்லர், பென்ஸ் என்ற இரண்டு பழைய நிறுவனங்கள் 1926இல் ஒன்றிணைந்து டைம்லர்-பென்ஸ் ஆயின. மூன்றே ஆண்டுகளில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியது. ஜெர்மனியில் வேலையின்மை பெருகியது; சொகுசுக் கார் வாங்குவோர் அருகிப்போனார்கள். விலை குறைந்த சிறிய கார் ஒன்று நிறுவனத்துக்கு அவசரத் தேவையாயிற்று. தலைமைப் பொறியாளர் ஹான்ஸ் நிபலின் பொறுப்பில் உருவான மெர்சிடிஸ் 170, 1931 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. ஆறு சிலிண்டர்கள், 1,692 சி.சி., 32 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். விலை 4,400 மார்க்.

அதன் சிறப்பு சக்கரங்களைத் தாங்கிய அமைப்பில் இருந்தது. அக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் இடது, வலது சக்கரங்களை ஒரே இரும்பு அச்சு இணைத்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். 170இல் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கின. முன்சக்கரங்களை, வண்டியின் குறுக்கே வைத்த இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் தாங்கின. பின்புறத்தில், எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு அசையாமல் பொருத்தப்பட்டது. அதன் இருபுறமும் இருந்த அரை அச்சுகள் பறவையின் சிறகுகள்போல் மேலும் கீழும் அசைந்தன. பெரிய கார்களில்கூட அரிதாக இருந்த சொகுசான ஓட்டம் ஒரு சிறிய காருக்குக் கிடைத்தது. ஹைட்ராலிக் பிரேக்கும் இருந்தது. 1936 வரை ஏறக்குறைய 13,800 கார்கள் தயாராகின.

எஞ்சின் முன்னாலா, பின்னாலா?

இதற்கிடையே ஐரோப்பியப் பொறியாளர்கள் பலர் எஞ்சினைப் பின்புறம் வைப்பதே நல்லது என்று கருதத் தொடங்கியிருந்தார்கள். எஞ்சினும் அது சுழற்றும் சக்கரங்களும் அருகருகே இருந்தால், வண்டியின் நீளத்துக்கு ஓடும் உந்துதண்டு தேவையில்லை. முன்பகுதியைக் காற்றைக் கிழிக்கும் வகையில் தாழ்வாகவும் அமைக்கலாம். இந்த எண்ணத்தில் 1934இல் வந்ததுதான் மெர்சிடிஸ் 130. அதன் 1,308 சி.சி., 26 குதிரைத்திறன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. எடையில் பெரும்பகுதி பின்புறம் சேர்ந்துவிட்டதால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பாதி வெளிப்பக்கம் வழுக்கிச் சென்றது. அசையும் அரை அச்சுகள் இந்தக் குணத்தை மேலும் கூட்டின.

நிபல் 1934இல் இறந்தார். ஆனால் இரண்டு வழிகளில் எது சரி என்ற கேள்விக்கு நிறுவனம் இன்னும் விடை காணவில்லை. 1936 பிப்ரவரியில் பெர்லின் கார் கண்காட்சியில் 170 வி, 170 எச் என இரண்டு மாடல்களை அருகருகே வைத்தது. இரண்டுக்கும் ஒரே எஞ்சின். ‘வி’யில் அது முன்னால், ‘எச்’சில் பின்னால். எச் நவீனமானதாகவும் உயர்ந்ததாகவும் விளம்பரப்படுத்தப்பட்டது. விலை 4,350 மார்க். வி 3,750 மார்க்குக்குக் கிடைத்தது. வாங்குவோர் தயங்கவில்லை. பெட்டி படுக்கை வைக்க வி வசதியாக இருந்தது, சாலையில் நிதானமாகச் சென்றது, விலையும் குறைவு. எச் ஏறத்தாழ 1,500 மட்டுமே தயாரான நிலையில் 1939இல் நின்றுபோனது.

விலையைக் குறைத்த பொறியியல்

முந்தைய 170ஐவிட 170 வி மலிவாகவும் வலுவாகவும் இருந்ததற்குச் சில தெளிவான முடிவுகள் காரணம். முதலாவது, ஆறு சிலிண்டர்களுக்குப் பதில் நான்கு. 1,697 சி.சி. கொண்ட புதிய எஞ்சின் 38 குதிரைத்திறன் தந்தது. வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருக்கும் பழைய, எளிய அமைப்பே அதற்கும் வைக்கப்பட்டது. திறனை ஓரளவு விட்டுக்கொடுத்தாலும் செய்யவும் பழுதுபார்க்கவும் செலவு குறைவு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஆறு சிலிண்டரைவிட அதிகம் அதிரும். அதனால் எஞ்சினை இரண்டே இடங்களில், ரப்பர் திண்டுகளின் மேல் தாங்கவைத்து, அதிர்வு உள்ளே வராமல் தடுத்தார்கள்.

இரண்டாவது, சேசிஸ். கனமான பெட்டி வடிவச் சட்டங்களை நீக்கி, முட்டை வடிவக் குறுக்குவெட்டு கொண்ட இரும்புக் குழாய்களைப் பெருக்கல் குறிபோல் இணைத்தார்கள். புதிய சேசிஸ் ஏறக்குறைய 50 கிலோ எடை குறைந்தது. முறுக்கினாலும் எளிதில் வளையாத உறுதியும் கிடைத்தது. நான்கு சக்கரங்களும் தனித்து அசையும் முறை மட்டும் மாற்றமின்றித் தொடர்ந்தது. மணிக்கு 108 கி.மீ. வேகம், 100 கி.மீ.க்குச் சுமார் 10 லிட்டர் பெட்ரோல் என்பது அன்றைய குடும்பக் காருக்கு நல்ல கணக்கு.

காலமும் கைகொடுத்தது. 1933இல் ஜெர்மனி புதிய கார்களுக்கு வாகன வரியை நீக்கியது. பிராங்பர்ட்டுக்கும் டார்ம்ஸ்டட்டுக்கும் இடையில் அதிவேக நெடுஞ்சாலை 1935இல் திறக்கப்பட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் 170 வி பின்தங்கியிருந்தது. அதன் கூண்டு, மரச்சட்டத்தின் மேல் தகடு பொருத்திய பழைய வகை. 1935இல் 2,500 மார்க்குக்கு வந்த ஓப்பல் ஒலிம்பியாவில் சேசிஸும் கூண்டும் சேர்ந்த ஒரே எஃகு உடல் இருந்தது.

போரும் மறுபிறப்பும்

போர்க்காலத்தில் இதன் அடிப்படையில் ராணுவத்துக்குத் திறந்த வண்டிகள் செய்யப்பட்டன. பெட்ரோல் தட்டுப்பாட்டால் விறகு வாயுவில் ஓடும் வகையும் வந்தது. 1942இல் உற்பத்தி நின்றது. 1944 செப்டம்பரில் நடந்த குண்டுவீச்சில் ஸ்டுட்கார்ட் வட்டாரத் தொழிற்சாலைகள் பெரும் சேதமடைந்தன.

170 வியின் எளிமை இப்போது உதவியது. சிக்கலில்லாத அந்த வண்டியை 1946இல் சரக்கு வண்டியாகவும் ஆம்புலன்ஸாகவும் காவல்துறை வண்டியாகவும் மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். 1947இல் பயணிகள் கார் வந்தது. 1949இல் அதே எஞ்சின் அடிப்படையில், அதே 1,697 சி.சி. அளவில் டீசல் எஞ்சின் பொருத்திய 170 டி வெளிவந்தது. குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் ஓடியதால், மெர்சிடிஸ் டீசல் கார்களுக்கு டாக்சிக்காரர்களிடம் கிடைத்த நற்பெயர் வலுப்பட்டது. 1950இல் பெட்ரோல் எஞ்சின் 1,767 சி.சி., 45 குதிரைத்திறனாக உயர்ந்தது.

1953இல் வந்த மெர்சிடிஸ் 180, தனி சேசிஸ் முறையைக் கைவிட்டு ஒரே எஃகு உடலோடு உருவாக்கப்பட்டது. அந்த ஆண்டே 170 வியின் உற்பத்தி முடிந்தது. அதன் எஞ்சின் மட்டும் மேம்படுத்தப்பட்ட வடிவில் புதிய 180இல் தொடர்ந்து ஓடியது.