ஏவன் ஆற்றங்கரையில் இரு நாள்கள்

சுவாமி விபுலாநந்தரின் 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்த நூல். மாணாக்கனாய் இருந்த காலத்தில் அதனைப் படித்தேன். ஆங்கில நாடகக் கவிஞர் சேக்சுபியரைச் 'செகசிற்பியார்' எனப் பெயரிட்டழைத்த அடிகளார், அவர்தம் நாடகங்களை நம் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்திருந்தார். ஆங்கிலத்திற் பெரும்பயிற்சி இல்லாத எனக்கு அக்கவிஞர் தமிழ்வழியாகவே அறிமுகமானார். அவர் பிறந்த ஊரைக் காணும் பேறு சென்ற வேனில் விடுமுறையிற் கிட்டியது.

இலண்டனில் வாழும் என் மகளின் புதல்வன், பன்னிரண்டு வயதினன், என்னுடன் வந்தான். மேரிலபோன் நிலையத்திற் புகைவண்டி ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம். "செகசிற்பியாரின் ஊருக்குப் போகிறோம்" என்றேன். "அவர் யார், அம்மப்பா?" என்றான். பள்ளியில் அவர் நாடகத்தைப் பயிலும் சிறுவன், அப்பெயரைக் கேட்டறியான். என் உள்ளம் சிறிது நொந்தது.

ஸ்ராட்போர்ட் நகரில் எம்மை முதலில் ஈர்த்தது ஆற்றுப் பாலமே. கியூ குளொப்டன் என்னும் செல்வர் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கட்டுவித்த அக்கற்பாலம், 14 வளைவுகளோடு இன்றும் ஊர்திகளைச் சுமந்து நிற்கிறது. அவரே கட்டுவித்த 'நியூ பிளேஸ்' மாளிகையைக் கவிஞர் 1597இல் வாங்கினார். அம்மாளிகை இன்று இல்லை. பிற்காலத்தில் அதற்கு உரியவராய் இருந்த கேஸ்ட்ரல் என்னும் குருவானவர், கவிஞர் நட்டதாகச் சொல்லப்பட்ட முசுக்கட்டை மரத்தைக் காண வந்தோரின் தொல்லை பொறாது, 1756இல் அதனை வெட்டுவித்தார். 1759இல் மாளிகையையும் இடிப்பித்தார். அவ்விடத்தில் இப்போது பூந்தோட்டமே உண்டு.

கவிஞர் 1564இற் பிறந்ததாகக் கொள்ளப்படும் ஹென்லி வீதி வீட்டுக்கோ வேறு விதி வாய்த்தது. 1847இல் அது ஏலத்துக்கு வந்தபோது, பொதுமக்களிடம் பணந் திரட்டி 3,000 பவுணுக்கு வாங்கிக் காத்தனர். அவர் பயின்றதாகக் கருதப்படும் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஆசிரியன் ஒருவனுக்கு அதனினும் இனிய காட்சி வேறு யாது?

மறுநாள் ஆற்றோரத் திருத்துவக் கோயிலில் அவர் கல்லறையைக் கண்டோம். தம் எலும்புகளை அசைப்போரைச் சபிக்கும் வரிகள் அக்கல்லில் உள்ளன. வாசகத்தைப் பேரன் ஆங்கிலத்திற் படித்தான். பொருளை நான் தமிழிற் சொன்னேன்.

ஒருவர் கையில் இருந்த வீடு அழிந்தது. பலர் கைகொடுத்த வீடு பிழைத்தது. மொழியும் அத்தகையதே. பண்டிதர் பேழைக்குள் மட்டும் இருப்பின் அது பேரப்பிள்ளைகளைச் சேராது. அப்பெயரை அறியாமைக்குச் சிறுவனை நொந்து பயனென்ன? கொடுத்திருக்க வேண்டியவர் நாமன்றோ!

திரும்பும் வண்டியில் அவன் தானாகவே கேட்டான்: "அந்தப் பெயரை எழுதிக் காட்டுங்கோ, அம்மப்பா." ஏழெழுத்தையும் பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதினேன். அவன் அதன்கீழ்ப் பார்த்தெழுதினான். றகர மெய்யின் புள்ளியை மட்டும் மறந்தான். நான் இட்டுக் கொடுத்தேன்.